டெல்டா சாட்: விதை மாற்றிக்கொள்ளும் எங்கள் கூட்டத்துக்கு எப்படி இருக்கிறது?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். ஏற்கெனவே இணையத்தில் பழகி, ஒருத்தரை ஒருத்தர் விட மனசில்லாத பத்துப் பன்னிரண்டு பேருக்கு டெல்டா சாட் என்கிற செய்திச் செயலி நல்ல இடம். புது ஆட்களைத் தேட, வீடியோவில் முகம் பார்த்துப் பேச, படம் போட்டு லைக் வாங்க என்று நினைத்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, போன் நம்பர் கேட்காது. குறைகள் இருக்கின்றன, அதில் ஒன்று கொஞ்சம் பெரிசு. அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது நாட்டு விதைக் கூட்டம். நான் செங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தோட்டம். கேரளாவின் புனலூரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் மாஷ்தான், சிறகவரை விஷயத்தில் ஆள் புலி. கொழிஞ்சாம்பாறையில் ஒரு அக்கா. தம்பட்டை அவரையும் காந்தாரி மிளகாயும் வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். பாலக்காடு மாவட்டம் என்று பெயரே தவிர அந்தப் பக்கம் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். ஆந்திராவில் நகரிப் பக்கம் தறி ஓட்டுகிற தம்பி ஒருவன், சுரையில் மட்டும் அவனிடம் இருக்கிற ரகங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். கம்பத்தில் ஒரு அண்ணாச்சி, யாழ்ப்பாணத்தில் ஒருவர், கோலாலம்பூரில் ஒரு மதினி, இன்னும் சிலர். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் யார் வீட்டுப் பாகலில் எப்போது பழ ஈ விழுந்தது, யார் மகளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பது வரை தெரியும்.

நாங்கள் பழகியது ஒரு பெரிய சமூக வலைத்தளத்தின் குழு ஒன்றில். ஆயிரக்கணக்கில் ஆட்கள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. பிறகு விதை வியாபாரிகள் நுழைந்தார்கள், ‘ஒரே வாரத்தில் காய்க்கும்’ ரகங்கள் வந்தன, நீல நிற ஸ்ட்ராபெரி விதை வரைக்கும் விற்றார்கள். மாஷ் போட்ட பதிவு எனக்கு வந்து சேராது, ஆனால் யாரோ முன்பின் தெரியாதவர் போட்ட ட்ராக்டர் வீடியோ காலையும் மாலையும் கண் முன்னே நிற்கும். கடைசியில் கம்பத்து அண்ணாச்சியின் கணக்கை ஒருநாள் பூட்டிவிட்டார்கள். அடையாள அட்டை அனுப்பச் சொன்னது, அனுப்பினார், பதிலே இல்லை. அவர் எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்களை எப்படித் தேடுவது என்று அவருக்கும் வழியில்லை. எந்த அவரைக்கு யாரைக் கேட்பது என்று ஒரு சீசன் முழுக்கத் திண்டாடினோம். என் கடையில் இருந்து தபாலில் போன பழைய விதைக் கவரில் விலாசம் இருந்ததால்தான் மனுஷன் கார்டு போட்டுத் தேடிப் பிடித்தார்.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கூத்தில்லை. ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். யாஹூ மெசஞ்சர் 2018இல் போனது, கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில், யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். 2020 ஜூன் கடைசியில் நம் அரசு டிக்டாக், வீசாட் உட்பட 59 செயலிகளை ஒரே ராத்திரியில் தடை செய்தபோது, அதில் மட்டுமே பழகியிருந்தவர்கள் ‘போய்வருகிறேன்’ சொல்லக்கூட நேரமில்லாமல் பிரிந்தார்கள். ஸ்கைப் 2025 மே மாதம் நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், நியாயம்கூட இருக்கலாம். நம் சிநேகிதர்களின் விலாசம் அந்தக் கடைக்காரன் கையில் மட்டும் இருந்தால், கடை அடைக்கிற அன்றைக்கு நாம் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

சரி, வாட்ஸப் இருக்கிறதே என்று எல்லோரும் கேட்பார்கள். நாங்களும் முதலில் அங்கேதான் போனோம். ஆனால் அப்போது குழுவில் சேர்ந்தால் நம் நம்பர் அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கொழிஞ்சாம்பாறை அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் பக்கம்தான் நியாயம். முந்தைய குழு ஒன்றில் நம்பரை எடுத்து முகம் தெரியாதவன் ஒருவன் தினம் குட்மார்னிங் அனுப்பி, பிளாக் பண்ணினால் வேறு நம்பரில் இருந்து வந்து, அவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். சிக்னல் செயலியில் 2024இல் இருந்து பயனர் பெயர் வைத்துக்கொண்டு நம்பரை மறைக்கலாம், அந்த விஷயத்தில் அது தேவலை. ஆனாலும் கணக்குத் தொடங்க நம்பரும் ஓடிபியும் வேண்டும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு நம்பர் மகன் பெயரிலோ மருமகள் பெயரிலோ இருக்கிறது, சிம் இன்னொரு போனில் கிடக்கும், வீட்டில் இருக்கிற டேப்லெட்டில் வைஃபை மட்டும்தான். ஓடிபி என்றாலே மாஷ் போனை வைத்துவிடுவார்.

மின்னஞ்சலை விட்டுவிட்டோமா என்றால் இல்லை, அது எப்போதும் உண்டு, ஆனால் எட்டுப் பேர் ஒரே அஞ்சலில் மாறி மாறி ரிப்ளை ஆல் போட்டால் கீழே பழைய அஞ்சல்கள் வால் மாதிரி நீண்டுகொண்டே போய், யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் விதைப்புப் பட்டமே முடிந்துவிடும்.

டெல்டா சாட் இந்த மின்னஞ்சலின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பதற்கு வாட்ஸப் போலத்தான் தெரியும், ஆனால் உள்ளே ஓடுவது 1982இல் வகுக்கப்பட்ட அதே அஞ்சல் விதிமுறை. முன்பெல்லாம் நம் ஜிமெயில் போன்ற கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும், அதிலேயே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். 2024இல் இருந்து அந்தத் தொல்லை இல்லை. ஆப்பைத் திறந்து ஒரு பெயர் கொடுத்து, விருப்பமிருந்தால் ஒரு படம் வைத்தால் போதும். பின்னால், இதற்கென்றே நடத்துகிற சாட்மெயில் என்கிற அஞ்சல் சர்வர் ஒன்றில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு விலாசத்தை அதுவே உருவாக்கிக்கொள்ளும். அந்த விலாசத்தை நாம் பார்க்கவே வேண்டியதில்லை. நம்பர் இல்லை, ஓடிபி இல்லை, பிறந்த தேதி இல்லை. மாஷ் இதை நம்பவே இல்லை.

“தம்பி, நம்பரும் கேக்கலை, பைசாவும் கேக்கலை. பின்னெ அவனுக்கு என்ன லாபம்?” என்று போனில் கேட்டார்.

நியாயமான கேள்வி. வாத்தியாரிடம் மழுப்ப முடியாது. இதைச் செய்கிறவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் இருக்கிறார்கள், பொது நிதியும் நன்கொடையும் வைத்துத்தான் வேலை நடக்கிறது, நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது, யாரும் படித்துப் பார்க்கலாம், சர்வரைக்கூட யார் வேண்டுமானாலும் சொந்தமாக வைத்து நடத்தலாம். 2020இல் ரஷ்ய அரசின் தகவல் தொடர்புத் துறை பயனர் விவரங்களைக் கேட்டபோது, எங்களிடம் அப்படி எதுவுமே இல்லையே என்று பதில் சொன்னார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகு மாஷ் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அப்போ சரி, எங்ஙனெ சேரணும்?” என்றார்.

சேருவதற்கு ஒருவர் மற்றவரின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும், அல்லது அழைப்பு லிங்க்கைத் தட்ட வேண்டும். பெயரைப் போட்டுத் தேடுகிற வசதி கிடையவே கிடையாது. முதலில் இது குறையாகத் தெரிந்தது. தூரத்தில் இருக்கிறவர் என் போனை எப்படி ஸ்கேன் செய்வார்? ஆனால் குழுவுக்கென்று தனி க்யூஆர் கோடு உண்டு. அதைக் கடையில் சின்னதாக அச்சடித்து, விதை போகிற கவரின் பின்பக்கம் ஒட்டி அனுப்பினேன். முன்பக்கம் ‘சாம்பல் சுரை, நகரி, சாம்பலில் கலந்தது, நிழலில் வைக்கவும்’ என்று பேனாவில் எழுதியிருக்கும், பின்பக்கம் கறுப்பு வெள்ளைக் கட்டம். தபாலில் வந்த விதையைப் பிரித்ததும் கவரைத் திருப்பி போனைக் காட்டினால் ஆள் உள்ளே. எங்களோடு விதை மாற்றிக்கொள்ளாத யாரும் இந்தக் குழுவுக்குள் வர வாய்ப்பு ரொம்பக் குறைவு, இதைவிட நல்ல வாசற்காவல் எனக்குத் தோன்றவில்லை. கவர் வேறு யார் கையிலாவது சிக்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் அந்தக் கோடைச் செல்லாததாக்கிவிடும் வசதியும் ஆப்பிலேயே இருக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: ஸ்கேன் செய்கிற நேரத்தில் அழைத்தவரின் போன் நெட்டில் இல்லாவிட்டால் சேர்க்கை உடனே முடியாது, அவருக்கு நெட் வந்த பிறகுதான் முடியும். மாஷ் ஸ்கேன் செய்துவிட்டு, “ஒண்ணும் வரலை” என்று லேண்ட்லைனில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது அதனால்தான்.

செய்திகள் எல்லாம் முனையிலிருந்து முனைவரை பூட்டித்தான் போகும், ஓப்பன்பிஜிபி என்கிற பூட்டு முறை. நடுவில் இருக்கிற சர்வரால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது, சாட்மெயில் சர்வர்கள் பூட்டாத செய்தியை வாங்குவதே இல்லை. சுரைக்காய்க்கு எதற்கு இவ்வளவு காவல் என்று கேட்கலாம். நாங்கள் பேசுவது சுரைக்காய் மட்டுமா? வீட்டுக் கஷ்டம், ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைகளுக்கு வரன் பார்ப்பது எல்லாம் அங்கேதான்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனி வசதி. செங்கோட்டையில் இருந்து புனலூர் பஸ் ஏறினால், புளியரை தாண்டி வளைவுகளில் ஏறும்போது நம்மூர் டவர் விட்டுப்போகும். கோட்டைவாசல் பக்கம் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஆரியங்காவு வந்ததும் கேரள டவர் பிடித்து மலையாளத்தில் ஒரு வரவேற்பு எஸ்எம்எஸ் வரும். தென்மலை வரைக்கும் காட்டுக்குள் இப்படி வந்தும் போயும் கண்ணாமூச்சி ஆடும். மாஷ் வீட்டுக்குப் போகிற வழியில் ‘கிளம்பிட்டேன், வெண்டை விதை கையில இருக்கு’ என்று அடித்துவிட்டுப் போனைப் பையில் போட்டேன். செய்தி ஓரத்தில் காத்திருக்கும் குறியோடு கிடந்தது, டவர் எட்டிப் பார்த்த ஏதோ ஒரு வளைவில் தானாகக் கிளம்பிப் போய்விட்டது. அஞ்சலுக்குக் காத்திருப்பது பழக்கம், அதனால் எழுத்துச் செய்தி ரொம்பக் குறைந்த டேட்டாவிலும் போகும். படத்தைத் தானே சுருக்கி அனுப்பும், இன்னும் சின்னதாக்கவும் அமைப்பில் (செட்டிங்ஸ்) வழி இருக்கிறது. இலையில் புள்ளி எப்படி இருக்கிறது என்று துல்லியமாகக் காட்ட வேண்டுமானால் ஃபைலாக இணைத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அசுவினியும் தூசியும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஒற்றை டிக் என்றால் சர்வருக்குப் போய்விட்டது, இரட்டை டிக் என்றால் எதிரில் ஒருவராவது படித்துவிட்டார். படித்ததைக் காட்ட வேண்டாம் என்றால் அணைத்து வைக்கலாம். ‘டைப் செய்துகொண்டிருக்கிறார்’ என்ற வரி கிடையாது. ஸ்டேட்டஸ், ‘இவரை உங்களுக்குத் தெரியுமா’, ரீல்ஸ் எதுவும் இல்லை. திறந்தால் நமக்கு வந்த கடிதம் மட்டும் இருக்கும், வரவில்லை என்றால் ஒன்றும் இருக்காது. சும்மா திறந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கிற கைக்கு ஆரம்பத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. நகரித் தம்பி, “என்னண்ணா, ஆளில்லாத டீக்கடையில உக்காந்த மாதிரி இருக்கு” என்றான். இப்போது அவன்தான் அதிகம் எழுதுகிறான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சில நேரம் தலைவலி கொடுப்பதும்கூட, குழுவில் அட்மின் என்று யாரும் இல்லாதது. உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஒரே அதிகாரம், யாரும் யாரையும் சேர்க்கலாம், எடுக்கலாம், குழுவின் பெயரையும் மாற்றலாம். மாஷ் எதையோ தட்டி கொழிஞ்சாம்பாறை அக்காவை வெளியே தள்ளிவிட்டார். அக்கா கோபித்துக்கொண்டு எனக்குத் தனியாக, “மாஷுக்கு என் மேல என்ன வருத்தம்?” என்று அனுப்பினார். கம்பத்து அண்ணாச்சி அவரை உடனே திரும்பச் சேர்த்துவிட்டார், மாஷ் வெட்கத்தில் ஒரு வாரம் பேசவில்லை. முந்நூறு பேர் இருக்கிற குழுவில் இந்த ஏற்பாடு ரணகளமாகிவிடும். எங்களைப் போல ஒருவரை ஒருவர் தெரிந்த கூட்டத்துக்கு ஆகும். எனக்குத் தோன்றுவது, அட்மின் என்று ஒருவர் இருந்தால் அவர் மேல் பாரம் விழும், அவர் போனால் குழுவும் போகும்.

செய்திக்குள்ளேயே திறக்கிற குட்டி ஆப்கள் சில இருக்கின்றன, வெப்எக்ஸ்டிசி என்று பெயர். நாட்காட்டி, சரிபார்ப்புப் பட்டியல், எல்லோரும் சேர்ந்து எழுதுகிற குறிப்பேடு, வாக்கெடுப்பு, சதுரங்கம். இவை தானாக நெட்டுக்குப் போக முடியாது, சாட் வழியாக மட்டுமே ஒன்றோடு ஒன்று பேசும், அதனால் வேவு பார்க்கிற பயமில்லை. நாங்கள் குறிப்பேட்டில் விதைக் கணக்கு வைத்திருக்கிறோம்: யாரிடம் என்ன ரகம், எந்த வருஷத்து விதை, முளைப்பு எப்படி, யாருக்குக் கொடுத்தாகிவிட்டது. வைகாசியிலேயே ஆளாளுக்கு இதைத் திறந்து ஆடிப்பட்டத்துக்கு வேண்டியதைத் தங்கள் பெயருக்கு நேராக எழுதிவிடுவார்கள். நெட் இல்லாத தோட்டத்தில் நின்றுகொண்டு திருத்தினாலும் அப்புறம் சேர்ந்துகொள்ளும். மூக்குத்தி அவரை யாரிடம் மிச்சமிருக்கிறது என்று பழைய பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் இதற்கே ஒரு கும்பிடு போடலாம். சதுரங்கத்தில் மாஷும் நகரித் தம்பியும் ஆடுகிறார்கள். ஒரு ஆட்டம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, மாஷ் ஒரு காய் நகர்த்த இரண்டு நாள் எடுப்பார்.

இப்போது அந்தப் பெரிய குறை. ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’ என்று இதில் ஒன்று இல்லவே இல்லை. உங்கள் கணக்கு, சாவி, பேசியது எல்லாமே உங்கள் போனில்தான் இருக்கிறது. போன் தொலைந்தால், குற்றால அருவியில் விழுந்தால், பேக்கப் இல்லையென்றால் அந்தக் கணக்கு அவ்வளவுதான். நம்பரைப் போட்டு மீட்டெடுக்கலாம் என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் நம்பரே கொடுக்கவில்லை. புதிய ஆளாகத் தொடங்கி, யாராவது திரும்பச் சேர்க்க வேண்டும். நம்பர் கேட்காததற்குக் கொடுக்கிற விலை இது, அதனால் நான் கோபப்பட மாட்டேன், ஆனால் நிறுவுகிற அன்றைக்கே வயதானவர்களுக்கு இதை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அமைப்புக்குள் போய் பேக்கப்பை ஃபைலாக எடுத்து வேறு இடத்தில் வைப்பது. இன்னொன்று, இரண்டாவது சாதனத்தைச் சேர்ப்பது: இரண்டையும் ஒரே வைஃபையில் வைத்து ஒன்றின் திரையில் வரும் க்யூஆர் கோடை மற்றதில் ஸ்கேன் செய்தால் எல்லாம் அப்படியே போய்விடும். நான் கடைக் கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்திருக்கிறேன், அதில் தமிழில் டைப் செய்ய வசதி, போன் போனாலும் கவலையில்லை. கணவர் போனில் ரெண்டாவதாகப் போட்டு வைத்தால் அவர் படித்துவிடுவாரே என்று கொழிஞ்சாம்பாறை அக்கா கேட்டார். பழைய போன் ஒன்றில் போட்டு பீரோவில் வைக்கச் சொன்னேன், அவ்வப்போது எடுத்து சார்ஜ் போட்டுத் திறந்தால் போதும்.

அவ்வப்போது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாட்மெயில் சர்வர்கள் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை மட்டும்தான் செய்யும், சேர்த்து வைக்காது. சில வாரங்களில் அழித்துவிடும். போனை மாசக்கணக்கில் அணைத்துப் போட்டுவிட்டுத் திரும்பத் திறந்தால் இடையில் வந்தவை கிடைக்காமல் போகும். வருஷத்தில் பாதி நாள் வெளிநாட்டில், போனைத் தொடாமல் இருக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது.

இன்னொரு எரிச்சல், நோட்டிஃபிகேஷன். ஆப் மேல் முழுப் பழியும் போட முடியாது. சில விலை குறைந்த போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் ஓடுவதையெல்லாம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகின்றன. என் கடைக்கு வருகிற போன்களில் இதைத் தினமும் பார்க்கிறேன், டெல்டா சாட் என்றில்லை, எது வந்தாலும் தாமதம்தான். அமைப்பில் பேட்டரி பகுதிக்குப் போய் இந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அழைப்பு வசதி இதில் பிந்தித்தான் வந்தது, அதை நம்பி இதைப் போடாதீர்கள். குரல் செய்தி அனுப்பலாம், நன்றாக இருக்கிறது. கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றால் நாங்கள் சிக்னல் செயலிக்குத்தான் போகிறோம். யாழ்ப்பாணத்து நண்பரோடு எனக்கு மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு உண்டு, அது சிக்னலில். கோலாலம்பூர் மதினி இரண்டையும் தொடுவதில்லை. அவருக்கு மின்னஞ்சல்தான், பெரிய பெரிய கடிதமாக எழுதுவார். பால்கனியில் தொட்டியில் வைத்த முருங்கையைப் பற்றியே மூன்று பத்தி வரும், அதற்கு நிதானமாக உட்கார்ந்து பதில் எழுதுவது எனக்குத் தனிச் சந்தோஷம். எல்லோரையும் ஒரே கூரைக்குள் இழுத்துவர வேண்டும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். மதினியோடு மல்லுக்கட்டியதில் அந்த எண்ணம் போய்விட்டது. அவருடைய மின்னஞ்சல் விலாசம் என்னிடம் இருக்கிறது, என்னுடையது அவரிடம், இடையில் யாரும் இல்லை, போதும்.

சாட்மெயிலில் கணக்கு வைத்திருக்கிற ஒருவர் சாதாரண மின்னஞ்சல் விலாசத்துக்கு அங்கிருந்து எழுத முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்னஞ்சல் மேல் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு வருகிற பலர் இதில்தான் ஏமாந்து போவார்கள். மதினியை எங்கள் குழுவுக்குள் கொண்டுவர முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், தபால். செயலி மதிப்புரையில் தபாலுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், எங்கள் நட்பில் பாதி அதில்தான் ஓடுகிறது. செங்கோட்டையின் பின்கோடு 62இல் தொடங்கும், மாஷுடையது 69, கொழிஞ்சாம்பாறை 67, நகரி 51. மூன்று மாநிலம், அத்தனைக்கும் ஒரே விலை. போஸ்ட் கார்டு இன்னும் 50 பைசாதான், இன்லாண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய், 20 கிராமுக்குள் சாதாரணக் கவர் ஐந்து ரூபாய். இதை இத்தனை மலிவாக வைத்திருக்கிறவர்களை வாழ்த்தத்தான் தோன்றுகிறது. ஆனால் விதையைச் சும்மா கவரில் போட்டு அனுப்பினால் முத்திரை குத்துகிற இடத்தில் நசுங்கும், அவரை விதை இரண்டாகப் பிளந்து வரும். அட்டைப் பெட்டியின் நெளிவுள்ள அட்டையை வெட்டி, நெளிவுப் பள்ளத்தில் விதையை வரிசையாக வைத்து, மேலே இன்னொரு அட்டை வைத்து ஒட்டினால் முழுசாகப் போய்ச் சேரும். சாரல் காலத்தில் இங்கே காற்றே ஈரம், அதனால் காய்ந்த சாம்பலில் புரட்டி, சின்ன ஜிப் கவரில் போட்ட பிறகுதான் அட்டைக்குள் வைக்க வேண்டும். முக்கியமான விதைக்கு முன்பு பதிவுத் தபால் போடுவோம். 2025இல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், இப்போது அதுதான்.

யாழ்ப்பாணத்துக்கும் கோலாலம்பூருக்கும் விதை அனுப்புவதில்லை. தாவரத் தனிமைப்படுத்தல் சட்டங்கள் இருக்கின்றன, சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டி விதை போனால் நோயும் சேர்ந்து போகும், அதில் விளையாடக் கூடாது. அவர்களுக்குப் படமும் பேச்சும்தான். யாழ்ப்பாணத்தவர், “நீங்கள் விதைக்கிறியள், நான் பார்க்கிறன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

எல்லோரும் வந்துவிடவில்லை. பழைய குழுவில் நெருக்கமாக இருந்த சிலர், அங்கேயே இருந்துகொள்கிறோம், சும்மா தள்ளிக்கொண்டே போவதுதான் சுகம், இங்கே பேசினால்தான் உண்டு என்றார்கள். அதுவும் உண்மைதான். அங்கே ஒருவர் ஆறு மாசம் வாயே திறக்காமல் இருந்தாலும் கூட இருக்கிறார் போலத் தோன்றும், இங்கே எழுதாதவர் காணாமல் போனவர். அவர்களுடைய தபால் விலாசத்தை மட்டும் கடை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போடுவதாக இருந்தால் ஆண்ட்ராய்டுக்கு ப்ளே ஸ்டோரிலும் எஃப்-ட்ராய்ட் என்கிற திறந்த நிரல் ஆப் கடையிலும் கிடைக்கிறது, ஐபோனுக்கும் உண்டு, விண்டோஸ், லினக்ஸ், மேக் கம்ப்யூட்டருக்கும் உண்டு. ஒரே ஆப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்துக்கொள்ளலாம், நான் கடைக்கு ஒன்று, விதைக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறேன். போட்ட கையோடு பேக்கப் எடுங்கள், பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள், பிறகு யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண் குறைந்தது கணக்கு மீட்பு இல்லாததற்காக. உங்கள் கூட்டத்துக்கு வீடியோ கால்தான் முக்கியம் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, நேரே சிக்னலைப் போட்டுக்கொள்ளுங்கள்.